அப்பாவின் லாரியில் இருந்த நட்சத்திரம்

எங்கள் வீட்டில் கார் பேச்சு ஆரம்பித்தால் நான் எழுந்து காபி போடப் போய்விடுவது வழக்கம். மைலேஜ், பிக்கப், சன்ரூஃப் என்று ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? அதனால்தான், "அத்தை, ஞாயித்துக்கிழமை எல்லாரும் கார் மியூசியம் போலாங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டபோது, "நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, நான் வீட்ல இருந்து சமைச்சு வைக்கறேன்" என்றேன்.

மகள் விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு சாம்பார் வெச்சுட்டு இருக்கப் போறியாம்மா? கிளம்பு" என்று கோட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

இந்த வருடம் இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்தேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரம். கார்களுக்குப் பேர்போன ஊர். மெர்சிடிஸ் பென்ஸ், போர்ஷே இரண்டுக்குமே தலைமையிடம் இதுதான். இரண்டுக்கும் தனித்தனி அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்கள் போனது பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு. எட்டு வயதுப் பேரன் முந்தின இரவே ஷூவைக் கட்டில் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கினான்.

இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு மகளால் கார் ஓட்ட முடியவில்லை என்பது அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத விஷயம். நம் ஊர் லைசென்ஸை வைத்து அங்கே குடியேறி ஆறு மாதம்தான் ஓட்டலாம். அதன்பின் அவர்கள் நாட்டுத் தேர்வை எழுதி, ஓட்டிக் காட்டி, புதிதாக வாங்க வேண்டும். மாப்பிள்ளை முதல் தடவையிலேயே வாங்கிவிட்டார். மகள் எழுத்துத் தேர்வில் ஜெயித்துவிட்டு, ஓட்டிக் காட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள்.

முதல் முறை, பலகையோ சிக்னலோ இல்லாத ஒரு தெரு முக்கில் வலது பக்கத்திலிருந்து வந்த காருக்கு வழிவிடவில்லை. அந்த ஊரில் அப்படிப்பட்ட முக்குகளில் வலதுபக்கம் வருகிறவருக்குத்தான் முதல் உரிமை. இரண்டாம் முறை, வலதுபக்கம் திரும்பும்போது கண்ணாடியில் மட்டும் பார்த்தாள். தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக, சைக்கிள் வருகிறதா என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான். தேர்வு அதிகாரி அந்த இடத்திலேயே முடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் பணம் தண்ணீராகப் போகிறது. பயிற்சியே நெடுஞ்சாலை, ஊருக்கு வெளியே, இரவு நேரம் என்று தனித்தனி. அவளுக்குக் கிடைத்திருக்கும் புது வேலையோ ஊருக்கு வெளியே. ரயில் மாறி, பஸ் மாறிப் போக ஒன்றரை மணி நேரம். காரில் போனால் அரை மணி.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி மியூசியத்துக்குள் போகலாம்.

கதவுக்கு முன்னால் நின்றுவிட்டேன்

ஊருக்கு நடுவிலிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடம். 'நெக்கர்பார்க்' என்ற நிலையத்தில் இறங்கி நடந்தால், பழைய கார் தொழிற்சாலைக்கு எதிரில், வெள்ளி நிறத்தில் முறுக்கிவிட்ட மாதிரி ஒரு கட்டடம். 2006-ல் திறந்தார்கள். சுவர், மூலை என்று எதுவும் நேராக இல்லை. உள்ளே இரண்டு சாய்தளங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு இறங்குகின்றன. "நம்ம உடம்புல இருக்கற டிஎன்ஏ மாதிரி கட்டியிருக்காங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. எனக்கு அம்மா பின்னிவிடும் இரட்டைப் புரி ஜடைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் என்னை நிறுத்தியது கட்டடம் இல்லை. அதன் மேல் இருந்த அந்த வட்டமும், உள்ளே மூன்று முனை நட்சத்திரமும்.

"என்னம்மா, அப்படியே நின்னுட்ட?" என்றாள் மகள்.

"உங்க அப்புச்சி லாரில இருந்துச்சு, கண்ணு. இதே நட்சத்திரம்" என்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது சங்ககிரி. வீட்டுக்கு வீடு ஒரு லாரிக் கதை இருக்கிற ஊர். அப்பா முதலில் டிரைவராக இருந்து, கடன் வாங்கி, 1966-ல் சொந்தமாக ஒரு லாரி வாங்கினார். ஊரில் அதற்குப் பெயர் 'பென்ஸ் லாரி'. ஏதோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். மாப்பிள்ளைதான் இப்போது விளக்கினார். 1954-ல் டாடா நிறுவனமும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனமும் பதினைந்து வருட ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரிகள் தயாரித்தன. 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய், டாடாவின் 'டி' எழுத்து வந்தது. அப்பா தன் லாரியைப் பற்றி ஏன் அவ்வளவு பெருமையாக, "நம்மளது நட்சத்திர வண்டியாக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் அந்த நட்சத்திரத்தைத் துடைப்பது என் வேலை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த துணியால் தேய்த்தால் முகம் தெரியும். சந்தனம், குங்குமம் வைத்து, அப்பா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க, லாரி ஒரு சுற்றுப் போகும். அந்தச் சுற்றில் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பது அண்ணன். எனக்கு அப்போது எட்டு வயது. நானும் ஏறுவேன் என்று அழுதேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி ஸ்டியரிங்கு?" என்றது ஆத்தா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

துடைக்கிற வேலை மட்டும் அடுத்த வருடமும் எனக்குத்தான் வந்தது.

முதலில் ஒரு குதிரை

இந்த மியூசியத்தில் மேலிருந்து கீழே வர வேண்டும். லிஃப்டில் ஏறும்போது எதிர்ச்சுவரில் பழைய படங்கள் ஓடுகின்றன. மேலே போகப் போகக் காலம் பின்னால் போகிறது. கதவு திறந்தால், கார் நிற்கும் என்று ஓடிய பேரன் திகைத்து நின்றான். வெள்ளையாக ஒரு குதிரைப் பொம்மை, ஆள் உயரத்துக்கு மேல்!

குதிரைதான் நிலைக்கும், மோட்டார் வண்டி வந்து போகிற ஒன்று என்று ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாக ஒரு வாசகத்தை அதன் கீழே வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் நிற்கிற கட்டடத்தின் வாசலில் இப்படி ஒரு கிண்டல்!

அடுத்து, உலகின் முதல் கார் என்று சொல்லப்படும் வண்டி. மான்ஹைம் நகரத்து கார்ல் பென்ஸ் என்பவர் 1886 ஜனவரி 29-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியின் வடிவம். பெரிய சைக்கிள் சக்கரம் இரண்டு பின்னால், சின்னது ஒன்று முன்னால், நடுவில் இரண்டு பேர் உட்கார ஒரு சோபா. எஞ்சின் முக்கால் குதிரைத்திறன்தான். மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் போகுமாம்.

"அம்மாயி, இதுல ஸ்டியரிங்கே இல்ல!" என்று பேரன் கத்தினான். உண்மைதான். வட்டமான ஸ்டியரிங் இல்லை. கையால் பிடித்துத் திருப்ப ஒரு கம்பிதான் நிற்கிறது.

அதே அறையில் காட்லிப் டைம்லர் செய்த வண்டியும் நிற்கிறது. அதுவும் 1886-ல் வந்ததுதான். குதிரை வண்டியை வாங்கி, குதிரையைக் கழற்றிவிட்டு, எஞ்சினை வைத்த மாதிரி இருக்கிறது. டைம்லர் வேலை பார்த்த கான்ஸ்டாட், இந்த மியூசியம் இருக்கும் பகுதிதான். பென்ஸ் ஒரு ஊரில், டைம்லர் ஒரு ஊரில் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். இருவர் பெயரிலும் நடந்த நிறுவனங்கள் ஒன்றானது 1926-ல்தான்.

இவ்வளவு வரைக்கும் நான் காதில் ஆடியோ கருவியை வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே வந்தேன். பிறகு பெர்த்தாவின் கதை வந்தது. அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"மறுபடியும் பெண்"

பெர்த்தா, கார்ல் பென்ஸின் மனைவி. 1849-ல் ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தவர். அவர் பிறந்தபோது வீட்டு பைபிளில், 'துரதிருஷ்டம், மறுபடியும் பெண்தான்' என்ற பொருளில் அப்பா எழுதி வைத்திருந்தாராம். வளர்ந்த பிறகு பெர்த்தா அதைப் பார்த்துவிட்டாராம். சங்ககிரியாக இருந்தால் என்ன, ஜெர்மனியாக இருந்தால் என்ன!

கல்யாணத்துக்கு முன்பே, கார்லின் பட்டறை மூழ்கிப்போகும் நிலையில் இருந்தது. தனக்குச் சேர வேண்டிய சீர்ப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்துப் பட்டறையைக் காப்பாற்றியது பெர்த்தாதான். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தப் பட்டறையே இருந்திருக்காது. காப்புரிமைப் பத்திரத்தில் பெர்த்தாவின் பெயர் இல்லை.

வண்டி செய்தாகிவிட்டது. ஆனால் வாங்க ஆள் வரவில்லை. சத்தமும் புகையுமாக வரும் இந்த வண்டியை நம்பி யார் ஏறுவார்கள்? கார்ல் இன்னும் சரிசெய்கிறேன், இன்னும் சரிசெய்கிறேன் என்று பட்டறையிலேயே கிடக்கிறார்.

1888 ஆகஸ்ட் மாதம், பள்ளி விடுமுறையில் ஒரு காலை. கணவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். பதினைந்து வயது, பதின்மூன்று வயது மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, சத்தம் கேட்காமல் வண்டியை வெளியே தள்ளிக் கொண்டுபோய்க் கிளப்பிவிட்டார் பெர்த்தா. எங்கே? அம்மா வீட்டுக்கு! நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து கோவை போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் உலகத்தில் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

தார் ரோடு இல்லை. குதிரை வண்டித் தடம்தான். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் நிறுத்தி, துணிக்கறை போக்க விற்கும் 'லிக்ராயின்' என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். 'உலகின் முதல் பெட்ரோல் பங்க்' என்று இன்றைக்கும் அந்தக் கடையைச் சொல்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிக் குத்திவிட்டார். மின்கம்பியில் உறை தேய்ந்து போனது; காலுறையைப் பிடித்திருக்கும் நாடாவைக் கழற்றிச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோலை வைத்து அடிக்கச் சொன்னார். எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கண்ட இடத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள். மேடு வந்தால் வண்டி திணறும். பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டே வந்தபோது எனக்கு அப்பாவும் கிளீனர் அண்ணனும்தான் கண்முன் வந்தார்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கக் கேனோடு ஓடுவது, சணல் கயிறும் சோப்புக்கட்டியும் வைத்து ஒழுகலை அடைப்பது, நடு ராத்திரியில் ஸ்டெப்னி மாற்றுவது. அப்பா சொன்ன கதைகள் எல்லாம் இதே மாதிரிதான். ஆனால் அந்தக் கதைகளில் ஒன்றில்கூடப் பெண் இல்லை. இருப்பார் என்று நான் நினைத்ததும் இல்லை.

மாலை பெர்த்தா அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பியும் வந்தார். வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? எங்கெங்கே என்ன குறை என்று சொன்னார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றார். கார்ல் அதைச் சேர்த்தார். ஊர் ஊராகப் பார்த்தவர்கள் பேசினார்கள். வண்டி ஓடும் என்று உலகம் நம்ப ஆரம்பித்தது.

கார்ல் செய்தது ஓர் எஞ்சின் வைத்த வண்டி. ஒருத்தர் துணிந்து ஓட்டிக்கொண்டு போனபிறகுதான் அது காராக ஆனது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நான் சொன்ன அந்த வார்த்தை

பெஞ்சை விட்டு எழ மனம் வரவில்லை. காரணம் பெர்த்தா மட்டும் இல்லை.

மகள் இரண்டாம் முறை தோற்ற அன்று எனக்கு போன் செய்தாள். அழவில்லை. குரல் மட்டும் தட்டையாக இருந்தது. நான் ஈரோட்டில் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "விட்டுடு கண்ணு. மாப்பிள்ளைதான் நல்லா ஓட்டறாரே. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

ஆறுதல் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். ஆத்தாவின் வார்த்தையைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறேன் என்று அந்த பெஞ்சில்தான் உறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் லைசென்ஸ் வாங்கியவள்தான். 1996-ல், என் முப்பத்தைந்தாவது வயதில், டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். டெஸ்டில் முதல் தடவையே பாஸ். அடுத்த வாரம் வீட்டு கேட்டில் காரை உரசிவிட்டேன். என் வீட்டுக்காரர் திட்டக்கூட இல்லை. "சரி விடு, நான் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார். அந்தச் சாவியை நான் திரும்ப எடுக்கவே இல்லை. அவர் எடுக்காதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இருபத்தொன்பது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பாத்துங்க, பஸ் வருது" என்று சொல்லிக்கொண்டே காலம் போய்விட்டது.

இதே மகள் அந்த கேட்டுக்கு உள்ளே நின்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கும் வழியில்

அதன்பின் பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெர்சிடிஸ் என்பது ஒரு பெண்ணின் பெயர் என்பது தெரியுமா? எமில் யெல்லினெக் என்ற பணக்காரர், டைம்லர் நிறுவனத்திலிருந்து கார்களை வாங்கி விற்றவர். தன் மகள் பெயரான மெர்சிடிஸையே கார்களுக்கு வைக்கச் சொன்னார். அதோடு விடாமல் 1903-ல் தன் பெயரையே யெல்லினெக் மெர்சிடிஸ் என்று மாற்றிக்கொண்டார். மகள் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட அப்பா! அந்த மெர்சிடிஸ் முப்பத்தொன்பது வயதிலேயே இறந்துபோனார். பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நட்சத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. காட்லிப் டைம்லர் வேறு ஊரில் வேலை பார்த்த காலத்தில், தான் குடியிருந்த வீட்டை அடையாளம் காட்ட அஞ்சல் அட்டைப் படத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து மனைவிக்கு அனுப்பினார். அவர் இறந்த பிறகு மகன்கள் அதை ஞாபகம் வைத்திருந்து, நிறுவனத்துக்கு முத்திரையாக்கினார்கள். மூன்று முனைகளும் நிலம், நீர், வானம். நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததன் பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது!

போர்க்காலத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. ஹிட்லர் காலத்தில் தொழிற்சாலைகளில் கட்டாய உழைப்புக்கு இழுத்து வரப்பட்டவர்களைப் பற்றியும் காட்டியிருக்கிறார்கள். பளபளக்கும் கார்களுக்கு நடுவே அந்த இடத்தில் மட்டும் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

போப்பாண்டவர் நின்றுகொண்டு கையசைத்த கண்ணாடிக் கூண்டு வண்டி இருக்கிறது. இளவரசி டயானா ஓட்டிய சிவப்பு கார் இருக்கிறது. இங்கிலாந்து இளவரசி ஜெர்மன் கார் ஓட்டலாமா என்று அங்கே சத்தம் கிளம்பியதில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இளவரசியாக இருந்தாலும் எந்தக் காரை ஓட்டுவது என்று ஊர்தான் சொல்கிறது!

பேரனுக்குப் பிடித்தவை வெள்ளி நிறப் பந்தயக் கார்கள். சுவரில் சாய்த்த மாதிரி ஒரு வளைவில் வரிசையாக நிற்கின்றன. அவன் அங்கே நாற்பது நிமிடம் இருந்தான். நான் லாரிகள் இருக்கும் இடத்தில் இருந்தேன். முன்பக்கம் மட்டும் இரண்டு அச்சு வைத்த ஒரு பழைய லாரி. அதற்குச் செல்லப்பெயர் 'ஆயிரங்கால் பூச்சி'. அப்பா ஓட்டிய மாதிரி மூக்கு நீண்ட வண்டி நிற்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. பரவாயில்லை. யாரும் பார்க்காத நேரம், ஒரு லாரியின் முன்னால் இருந்த நட்சத்திரத்துக்கு நேராக நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். முகம் தெரிந்தது.

ரயிலடியில்

திரும்பும்போது ரயிலுக்கு எட்டு நிமிடம் இருந்தது. மாப்பிள்ளையும் பேரனும் முன்னால் நின்று பொம்மைக் காரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணு, அன்னிக்கு போன்ல நான் ஒன்னு சொன்னேன்ல. விட்டுடுன்னு. அது தப்பு" என்றேன்.

மகள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ சொன்னதுகூடப் பரவால்லம்மா. நீ சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு பாரு, அதுதான் பயமா இருந்துச்சு" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ரயில் வந்துவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டின்போது மூன்றாம் முறைக்குத் தேதி கேட்டு எழுதப்போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை, "அடுத்த மாசம் சம்பளம் வரட்டும், இன்னும் நாலு கிளாஸ் சேத்துக்கலாம்" என்றார். அதிகம் பேசாத மனிதர். ஆனால் மறுநாளிலிருந்து அவர் காரில் திரும்பும்போதெல்லாம், பின்சீட்டிலிருந்து பேரன், "அப்பா, தோளுக்கு மேல பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தான். அவர் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மகள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது, அந்த இரண்டு மாதத்தில் அப்போதுதான்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

பிள்ளைகள் ஜெர்மனியில் இருந்து, நீங்களும் போனால் இந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். திங்கட்கிழமை விடுமுறை. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். மேலிருந்து இறங்கிக்கொண்டே வருவதால் முழங்கால் வலி உள்ளவர்களும் பார்க்கலாம். இடையில் உட்கார இடம் இருக்கிறது. எல்லா வண்டியையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. முதல் அறைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, கோவை அவினாசி சாலையிலேயே ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பையன்களை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் பீரோவைத் திறந்து என் லைசென்ஸைத் தேடினேன். பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. ஐம்பது வயதோடு, 2011-லேயே அது காலாவதியாகிவிட்டிருக்கிறது. பதினான்கு வருடமாக எனக்குத் தெரியவே இல்லை! இத்தனை வருடம் விட்டுவிட்டதால் வெறுமனே புதுப்பிக்க முடியாதாம். மருத்துவச் சான்று வாங்கி, மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வயசுலயா?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "கேட்டை அகலமா மாத்தி பத்து வருஷம் ஆச்சு" என்றார். அவருடைய மன்னிப்பு இந்த மாதிரிதான் வரும்.

டிரைவிங் ஸ்கூலில் இதுவரை மூன்று வகுப்பு போயிருக்கிறேன். கிளட்சை விடும்போது இன்னும் வண்டி குலுங்குகிறது. சொல்லிக்கொடுக்கிற தம்பிக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "பயப்படாதீங்கம்மா" என்று அவன்தான் பயந்துகொண்டே சொல்கிறான்.

மகளுக்கு அடுத்த மாதம் தேர்வு. எனக்கு அதற்கு அடுத்த வாரம். தினமும் ராத்திரி போனில் பேசிக்கொள்கிறோம். முன்பெல்லாம் என்ன சமையல் என்று கேட்பாள். இப்போது, "இன்னிக்கு எத்தனை தடவை ஆஃப் ஆச்சும்மா?" என்று கேட்கிறாள். நேற்று நான்கு தடவை. முந்தாநாள் ஏழு.